மூடத் தெரியாத கதவுகள்

ரத்தத்தில் மிகும் சர்க்கரை செல்லுக்குள் நுழைந்து செய்வது என்ன? ஆக்சிஜனேற்ற அழுத்தம் நீரிழிவை வளர்க்கும் வழிகள்

நீரிழிவு என்னும் நோய்க்கு மருத்துவம் வகுத்துள்ள எல்லைக்கோடுகள் எல்லாம் ரத்தத்தில் வரையப்பட்டவை. வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ குளுக்கோஸ் இருந்தாலும், ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. அளவு 6.5 விழுக்காட்டை எட்டினாலும், ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாகக் கொள்ளப்படுகிறது. ஆயினும் ரத்தம் சர்க்கரையைச் சுமந்து செல்லும் வாய்க்கால் மட்டுமே. பாதிப்பு நிகழ்வது அந்த வாய்க்காலின் கரையில் குடியிருக்கும் செல்களுக்குள்ளே. ஒரே ரத்தம் உடல் முழுவதும் ஓடும்போது, நெடுநாள் நீரிழிவுள்ளவரின் விழித்திரையும் சிறுநீரகமும் கால் நரம்புகளும் குறிவைத்ததுபோல் பழுதடைவதும், அதே ரத்தத்தில் நனையும் வேறு பல திசுக்கள் பெருமளவு தப்பித்துக்கொள்வதும் ஏன் என்ற கேள்வி ஆய்வாளர்களை நெடுங்காலம் வாட்டியது. அதற்குக் கிடைத்த விடைகளுள் வலுவானதன் நடுவில் நிற்பது ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்னும் கருத்து.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவுடன், சென்னையைச் சேர்ந்த மருத்துவர் வி. மோகன் உள்ளிட்டோர் முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023ஆம் ஆண்டு வெளிவந்தபோது, நாட்டில் ஏறக்குறைய 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும் 13.6 கோடிப் பேருக்கு அதன் முந்தைய நிலையும் இருப்பதாக மதிப்பிடப்பட்டது. இத்தனை பேரின் உடலில் நாள்தோறும் நிகழும் ஒரு வேதிவினையை அறிவது ஆய்வுக்கூடத்துக்கு உள்ளேயே முடிந்துவிடும் செய்தியாக இருக்க முடியாது. மருந்துக்கடையில் ‘ஆன்டிஆக்ஸிடன்ட்’ என்ற சொல்லைத் தாங்கி அடுக்கப்பட்டிருக்கும் புட்டிகளை வாங்கலாமா, வேண்டாமா என்ற எளிய கேள்விக்கும் விடை அங்கேதான் இருக்கிறது.

உலையிலிருந்து தெறிக்கும் பொறி

உணவிலிருந்து ஆற்றலைப் பிரித்தெடுக்கும் வேலையைச் செல்லுக்குள் செய்வது மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்பு. குளுக்கோஸும் கொழுப்பு அமிலங்களும் படிப்படியாகச் சிதைக்கப்படும்போது வெளிப்படும் எலக்ட்ரான்கள், மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் வரிசையாகப் பதிந்துள்ள புரதத் தொகுதிகளின் வழியே கைமாறிக் கைமாறிச் சென்று, கடைசியில் ஆக்சிஜனை அடைந்து அதை நீராக மாற்றுகின்றன. எலக்ட்ரான் கடத்துச் சங்கிலி எனப்படும் இந்த வரிசையில் எலக்ட்ரான்கள் இறங்கி வரும்போது கிடைக்கும் விசையைக் கொண்டே, செல்லின் நாணயம் எனத்தக்க ஏ.டி.பி. மூலக்கூறுகள் உருவாக்கப்படுகின்றன.

இந்தக் கைமாற்றத்தில் ஒருசில எலக்ட்ரான்கள் வழியிலேயே நழுவி, அருகில் இருக்கும் ஆக்சிஜனோடு நேரடியாகச் சேர்ந்துவிடுகின்றன. முறைப்படி நான்கு எலக்ட்ரான்களைப் பெற்று நீராக வேண்டிய ஆக்சிஜன் மூலக்கூறு, ஒன்றே ஒன்றைப் பெற்று இடையில் நின்றுவிட்டால் அது சூப்பராக்சைடு எனப்படும். இணையில்லாத எலக்ட்ரான் ஒன்றைத் தாங்கி நிற்கும் இத்தகைய மூலக்கூறுகளைக் கட்டற்ற உறுப்புகள் என்று வேதியியல் அழைக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மோசஸ் கோம்பர்க் 1900ஆம் ஆண்டு முதன்முதலாக இவ்வகை ஒன்றை இனங்கண்டபோது, உயிருள்ள உடலோடு அதற்குத் தொடர்பு இருக்கும் என எவரும் எண்ணவில்லை. 1956இல் டென்ஹம் ஹார்மன் முதுமைக்கே இவைதான் காரணம் எனக் கருதுகோள் வகுத்தார். 1969இல் டியூக் பல்கலைக்கழகத்தின் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும் சூப்பராக்சைடை அழிப்பதற்கென்றே செல்லுக்குள் ஒரு நொதி இருப்பதைக் கண்டறிந்தார்கள். அழிக்க ஒரு நொதி இருக்கிறதென்றால் அழிக்க வேண்டிய பொருள் அன்றாடம் உண்டாகிறது என்பது அதன் உட்பொருள்.

சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் எனப்படும் அந்த நொதி, சூப்பராக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுகிறது. அதைக் கேட்டலேஸ், குளுட்டாதயோன் பெராக்சிடேஸ் முதலிய நொதிகள் நீராக்கி முடிக்கின்றன. இந்தக் கடைசி வினையைப் புண்ணுக்குக் கட்டுப்போடும் இடத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். திறந்த காயத்தின்மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றப்பட்டதும் வெள்ளை நுரை பொங்கி எழுவது, ரத்தத்திலும் சிதைந்த திசுவிலும் உள்ள கேட்டலேஸ் அந்தத் திரவத்தை நீராகவும் ஆக்சிஜனாகவும் நொடிப்பொழுதில் உடைப்பதால்தான். இந்தக் காவல் தவறி, எஞ்சிய பெராக்சைடு இரும்பு அயனியைச் சந்தித்துவிட்டால், ஹைட்ராக்சில் என்னும் மிகக் கொடிய உறுப்பு பிறந்து, எதிர்ப்பட்ட கொழுப்பையும் புரதத்தையும் டி.என்.ஏ.வையும் தாக்கிச் சிதைக்கிறது. உற்பத்திக்கும் அழிப்புக்கும் இடையேயுள்ள துலாக்கோல் உற்பத்தியின் பக்கம் சாயும் நிலைக்கு ‘ஆக்சிஜனேற்ற அழுத்தம்’ என்ற கருத்தாக்கத்தை 1985ஆம் ஆண்டு வரையறுத்தவர் ஜெர்மானிய உயிர்வேதியியலாளர் ஹெல்முட் சீஸ்.

காவல் குறைந்த செல்

இந்தத் துலாக்கோல் எளிதில் சாய்ந்துவிடும் இடங்களுள் முதன்மையானது கணையம். அதில் தீவுகளைப் போலச் சிதறிக் கிடக்கும் செல் கூட்டங்களை 1869இல் மாணவராயிருந்த பால் லாங்கர்ஹான்ஸ் விவரித்தார். அவற்றுள் இன்சுலினைச் சுரப்பவை பீட்டா செல்கள். உண்ட இட்லியின் மாவுச்சத்து குளுக்கோஸாகி ரத்தத்தில் கலந்ததும், எவ்வளவு கலந்தது என்பதை அளந்து அதற்கேற்ற இன்சுலினை வெளியிடுவது அவற்றின் கடமை. அளவுகோலாகப் பணியாற்றும் செல் தன் கதவைச் சாத்திக்கொள்ள இயலாது; ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் அதனுள்ளும் ஏற வேண்டும், அது எரிந்து ஏ.டி.பி. பெருக வேண்டும், அந்தப் பெருக்கத்தால் பொட்டாசியம் வாயில்கள் மூடிக் கால்சியம் உட்புகுந்தால்தான் இன்சுலின் வெளியேறும். ஆக, எரிப்பதையே மொழியாகக் கொண்ட செல் அது; சர்க்கரை மிகுந்தால் அதன் உலை கூடுதலாக எரிந்தே தீரும்.

அதன் சுமை அத்தோடு நிற்பதில்லை. ஓர் இன்சுலின் மூலக்கூறு உரிய வடிவம் பெற மூன்று இடங்களில் கந்தக அணுக்கள் இணைந்து பாலம் அமைக்க வேண்டும். புரதத்தை மடித்து வடிவமைக்கும் எண்டோபிளாச வலைப்பின்னலில் இத்தகைய பாலம் ஒன்று அமையும்போது, விலக்கப்பட்ட எலக்ட்ரான்கள் ஆக்சிஜனைச் சேர்ந்து ஒரு ஹைட்ரஜன் பெராக்சைடு மூலக்கூறைப் பிறப்பிக்கக்கூடும். ஊக்கம் பெற்ற பீட்டா செல் நிமிடத்துக்குப் பத்து லட்சம் இன்சுலின் மூலக்கூறுகள் வரை உருவாக்குவதாக மதிப்பிடப்படுவதோடு இதைச் சேர்த்துப் பார்த்தால், அந்தப் பட்டறையிலிருந்து எழும் புகையின் அளவு விளங்கும்.

இவ்வளவு புகையும் சூழ வாழும் செல்லுக்குப் புகைபோக்கி பெரிதாக அமைந்திருக்க வேண்டும். இயற்கையில் அமைந்ததோ அதற்கு நேர்மாறு. ஜெர்மனியின் ஹனோவரில் ஸ்டெஃபான் லென்சன் குழுவினர் 1996இல் எலியின் கணையத் தீவுகளை ஆராய்ந்தபோது, பெராக்சைடை அழிக்கும் நொதிகளின் மரபணு வெளிப்பாடு கல்லீரலோடு ஒப்பிட மிகக் குறைவாக, கேட்டலேஸோ அறவே தென்படாத அளவில் இருந்தது. மனிதரின் பீட்டா செல்கள் எலியினுடையவற்றைவிடச் சற்றே வலுவானவை எனினும், அவையும் காவல் மிகுந்தவை அல்ல. பெராக்சைடைச் சிறிதளவே பயன்படுத்திச் செய்தி உணரும் செல்லுக்கு, அதை உடனுக்குடன் துடைத்தெறியும் நொதிகள் இடையூறாக இருந்திருக்கலாம் என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களுள் ஒன்று.

இந்த வலுவின்மையை வெளிப்படுத்திய பழைய சான்று தற்செயலாகக் கிடைத்தது. இரண்டாம் உலகப்போரின்போது, இடிபாடுகளில் நசுங்கியவர்களுக்குச் சிறுநீரகம் செயலிழப்பது ஏன் என்று கிளாஸ்கோவில் ஆராய்ந்துகொண்டிருந்த ஷா டன் குழுவினர், அலொக்சான் என்னும் வேதிப்பொருளை முயல்களுக்குச் செலுத்தினார்கள். பிற உறுப்புகள் பெரும்பாலும் நிற்க, கணையத் தீவுகள் மட்டும் மடிந்திருந்ததை அவர்கள் 1943இல் வெளியிட்டார்கள். குளுக்கோஸைப் போன்ற உருவம் கொண்டிருப்பதால் பீட்டா செல்லின் திறந்த கதவு வழியாகவே அலொக்சான் உள்ளே புகுகிறது என்பதும், புகுந்தபின் மீண்டும் மீண்டும் எலக்ட்ரானைப் பெற்றும் இழந்தும் கட்டற்ற உறுப்புகளைக் கொட்டிச் செல்லைக் கொல்கிறது என்பதும் பின்னர் தெளிவாயின.

நோயாளியின் உடலில் இந்த அழிவு இவ்வளவு விரைவாக நிகழ்வதில்லை. நெடுநாள் நீடிக்கும் உயர் சர்க்கரையால் எழும் ஆக்சிஜனேற்ற அழுத்தம், இன்சுலின் மரபணுவை இயக்கும் பி.டி.எக்ஸ்.-1, மாஃப்-ஏ ஆகிய புரதங்களின் செயலை முதலில் மங்கச் செய்கிறது. செல் உயிரோடு இருந்தும் தன் தொழிலை மறக்கத் தொடங்குகிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டொமெனிகோ அக்கிலி குழுவினர் 2012இல் எலிகளில் காட்டியபடி, பீட்டா செல்கள் பல மடிவதற்குப் பதிலாகத் தம் அடையாளத்தை இழந்து முதிராத நிலைக்குப் பின்வாங்குகின்றன. மறந்த செல்லுக்கு நினைவூட்ட வாய்ப்பு உண்டு என்பதால், சிகிச்சை நோக்கில் இந்த வேறுபாடு பெரிது.

கதவைச் சாத்தும் தசை

கணையம் எவ்வளவு இன்சுலின் அனுப்பினாலும் தசையும் கொழுப்புத் திசுவும் கல்லீரலும் அதற்குச் செவிசாய்க்காத நிலை இன்சுலின் எதிர்ப்பு எனப்படுகிறது; இரண்டாம் வகை நீரிழிவின் மறுபாதி அதுவே. தசைச் செல்லின் புறத்தே இன்சுலின் வந்து ஒட்டியதும், உள்ளே ஐ.ஆர்.எஸ்.-1 என்னும் புரதம் செய்தியை வாங்கி அடுத்தடுத்துக் கைமாற்ற, செல்லின் ஆழத்தில் சிறு பைகளில் பதுங்கியிருக்கும் ஜி.எல்.யு.டி.-4 என்னும் கடத்திகள் மேற்பரப்புக்கு வந்து குளுக்கோஸுக்கு வழிவிடுகின்றன. ஆக்சிஜனேற்ற அழுத்தம் கூடும்போது விழித்தெழும் ஜே.என்.கே. முதலிய நொதிகள், ஐ.ஆர்.எஸ்.-1 புரதத்தில் தவறான இடத்தில் பாஸ்பேட்டை ஒட்டிவிடுவதால், தூதுச் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்துபோகிறது.

இது வெறும் உடனிகழ்வா, காரணமா என்பதை ஹூஸ்டிஸ், ரோசன், லாண்டர் ஆகிய மூவரும் 2006இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு சோதித்தது. வெவ்வேறு முறைகளில் இன்சுலின் எதிர்ப்பை உண்டாக்கிய கொழுப்புச் செல்களில், சூப்பராக்சைடும் பெராக்சைடும் அடங்கிய கட்டற்ற ஆக்சிஜனைக் குறைக்கும் ஏற்பாடுகளைச் செய்தவுடன் எதிர்ப்பும் தளர்ந்தது. பருத்த எலிகளிலும் அதே போக்கு தெரிந்தது. மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஆஸ்திரேலியாவின் டேவிட் ஜேம்ஸ் குழுவினர் இதை வேறொரு கோணத்தில் வாசித்தார்கள். மைட்டோகாண்ட்ரியாவில் சூப்பராக்சைடு மிகுவது அளவுக்கு மேல் எரிபொருள் வந்துவிட்டது என்பதற்கான அறிகுறியாகச் செயல்படுகிறது என்றும், அந்த அறிகுறியைக் கண்டு செல் தன்னைக் காத்துக்கொள்ளக் குளுக்கோஸின் கதவைச் சாத்துவதே இன்சுலின் எதிர்ப்பு என்றும் அவர்கள் கருதினார்கள். அவ்வாறாயின், தசைச் செல் நோயுற்றதாகத் தோன்றும் தருணத்தில் அது தன்னளவில் அறிவோடு நடந்துகொள்கிறது. அடுப்பில் இடமில்லாதபோது விறகை வாங்க மறுக்கிறது. மறுக்கப்பட்ட விறகு ரத்தத்தில் தேங்கி, மறுக்கத் தெரியாத செல்களின் வாசலில் போய்க் குவிவதே விபரீதம்.

மதகு அடைபட்ட வாய்க்கால்

அந்த மறுக்கத் தெரியாத செல்கள் எவை என்பதே கட்டுரையின் தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு விடை. நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மைக்கேல் பிரவுன்லீ, ரத்தச் சர்க்கரை உயரும்போது பெரும்பாலான செல்கள் உட்புகும் குளுக்கோஸைக் குறைத்துக்கொள்கின்றன என்பதையும், விழித்திரையின் நுண்குழாய்களை உட்புறம் போர்த்தும் எண்டோதீலியச் செல்கள், சிறுநீரக வடிமுடிச்சின் மெசாஞ்சியல் செல்கள், நரம்பையும் அதன் உறையையும் சார்ந்த செல்கள் ஆகியவற்றால் அவ்வாறு குறைத்துக்கொள்ள இயலுவதில்லை என்பதையும் முன்வைத்தார். கண், சிறுநீரகம், கால் என்று நீரிழிவு தேடிச் செல்லும் இடங்கள் மூன்றும் மூடத் தெரியாத கதவுகள் உள்ள இடங்களே.

கதவுக்குப் பின்னால் நிகழ்வதைப் பற்றி 1990களின் இறுதிவரை நான்கு தனித்தனிக் கோட்பாடுகள் நிலவின. குளுக்கோஸ் சார்பிட்டாலாக மாறும் பாதையில், குளுட்டாதயோன் என்னும் காவல் பொருளைப் புதுப்பிக்கத் தேவையான மூலப்பொருள் வீணாகிறது என்றது முதலாவது. சர்க்கரையின் சிதைவுப் பொருள்கள் புரதங்களோடு ஒட்டி அவற்றைக் கெடுக்கின்றன என்றது இரண்டாவது. தோசையின் ஓரம் பொன்னிறமாவதற்குக் காரணமான, 1912இல் லூயி கமீல் மயார் விவரித்த வினையின் உறவுமுறைதான் இது, சட்டியின் சூட்டில் நிமிடங்களில் முடிவது உடற்சூட்டில் வாரங்களும் மாதங்களும் எடுத்துக்கொள்கிறது என்பதே வேறுபாடு. புரத கைனேஸ்-சி என்னும் நொதி தூண்டப்பட்டு ரத்தக்குழாய்கள் சுருங்கவும் கசியவும் நேர்கிறது என்றது மூன்றாவது. ஹெக்சோசமைன் என்னும் கிளைப்பாதையில் சென்ற சர்க்கரை, மரபணுக்களை இயக்கும் புரதங்களின்மேல் ஏறி அமர்ந்து அவற்றின் போக்கை மாற்றுகிறது என்றது நான்காவது.

நான்குக்கும் சான்றுகள் இருந்தன. எனினும் ஒன்றை மட்டும் தடுத்துச் செய்த சிகிச்சைகள் மனிதரிடம் ஏமாற்றமே அளித்தன. 2000ஆம் ஆண்டு நிஷிகாவா, பிரவுன்லீ குழுவினர் வெளியிட்ட ஆய்வும், அதைத் தொடர்ந்து வந்த ஆய்வுகளும் இந்நான்கையும் ஒரே ஊற்றுக்கண்ணில் கொண்டுசேர்த்தன. உட்புகுந்த மிகை குளுக்கோஸ் மைட்டோகாண்ட்ரியாவில் சூப்பராக்சைடைப் பெருக்குகிறது, அது டி.என்.ஏ. இழைகளை அறுக்கிறது, அறுந்த இழையைச் சீரமைக்க எழும் பார்ப் என்னும் நொதி, செயல் மிகுதியில், குளுக்கோஸைச் சிதைக்கும் பாதையின் நடுவில் உள்ள ஜி.ஏ.பி.டி.எச். என்னும் நொதியை முடக்கிவிடுகிறது. நடு மதகு அடைபட்ட வாய்க்காலில் மேற்புறம் தேங்கும் நீர் நான்கு இடங்களில் கரையை உடைத்துக்கொண்டு பாய்வதுபோல, தேங்கிய இடைநிலைப் பொருள்கள் மேற்சொன்ன நான்கு பாதைகளிலும் வழிந்தோடுகின்றன. சூப்பராக்சைடை மட்டும் தணித்தபோது, ஆய்வுக்கூடச் செல்களில் அந்தப் பாதைகள் அடங்கின.

அந்த உடைப்பு உடலில் தோன்றும் விதம் பலரும் அறிந்தது. கால் நரம்புகளுக்கு ஊட்டம் தரும் நுண்குழாய்கள் நலிந்து, நரம்பிழைகளும் பழுதுபட்ட பிறகு, நடந்து செல்பவரின் காலிலிருந்து செருப்பு கழன்று பின்னால் கிடப்பதை அவர் உணர்வதில்லை. வெறுங்காலில் குத்திய முள்ளையும் உணர்வதில்லை. வீட்டுக்கு வந்து தரையில் ரத்தக்கறையைக் கண்ட பின்பே காயம் தெரியவருகிறது. அந்தப் புண்ணின்மேல் பெராக்சைடு நுரைக்கும்போது, பல ஆண்டுகளாக அவருடைய நுண்குழாய்ச் செல்களுக்குள் அடங்காமல் போனதும் அதே வகைப் பொருள்தான் என்பது பெரும்பாலும் பேசப்படுவதில்லை.

அழகிய கோட்பாடு என்பதாலேயே அது முழுமையானதாகிவிடாது. 2013இல் குமார் சர்மா உள்ளிட்டோர் நீரிழிவுற்ற எலிகளின் சிறுநீரகத்தை ஆராய்ந்தபோது, சூப்பராக்சைடு மிகுவதற்குப் பதிலாகக் குறைந்திருந்ததைக் கண்டார்கள். மைட்டோகாண்ட்ரியாவின் செயலே தளர்ந்துபோனதன் அடையாளமாக அதை அவர்கள் விளக்கினார்கள். நோயின் தொடக்கத்தில் மிகையாக எரியும் உலை, காலப்போக்கில் பழுதடைந்து மங்கவும் கூடும் என்றும், மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே, செல் சவ்விலுள்ள நாக்ஸ் வகை நொதிகளும் கட்டற்ற ஆக்சிஜனைப் பொழிகின்றன என்றும் இப்போது கருதப்படுகிறது.

செல் மறப்பதில்லை

அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகை நீரிழிவுள்ள 1,441 பேரிடம் 1983 முதல் 1993 வரை நடந்த டி.சி.சி.டி. ஆய்வு, சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு, வழக்கமான சிகிச்சை பெற்ற குழுவினரைவிட, விழித்திரை நோய் புதிதாகத் தோன்றும் ஆபத்து 76 விழுக்காடு குறைவதைக் காட்டியது. ஆய்வு முடிந்தபின் இரு குழுவினரின் சர்க்கரை அளவும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்ட போதிலும், முன்பு கண்டிப்பாக இருந்தவர்களுக்குப் பல்லாண்டுகள் கழித்தும் பாதிப்பு குறைவாகவும், முன்பு தளர்வாக இருந்தவர்களுக்குக் கூடுதலாகவும் இருந்தது. பழைய சர்க்கரையின் தடம் உடலில் எங்கோ பதிந்திருந்தது. வளர்சிதை நினைவு எனப்படும் இதன் ஒரு விளக்கத்தை மெல்பர்னின் எல்-ஓஸ்டா குழுவினர் 2008இல் தந்தார்கள்: மிகை குளுக்கோஸில் 16 மணி நேரமே வைக்கப்பட்ட எண்டோதீலியச் செல்களில், அழற்சியைத் தூண்டும் ஒரு மரபணுவைச் சுற்றிப் பதிந்த வேதி அடையாளங்கள், இயல்பான குளுக்கோஸுக்குத் திரும்பி ஆறு நாள்களாகியும் நீங்கவில்லை. மைட்டோகாண்ட்ரியாவின் கட்டற்ற ஆக்சிஜனைத் தணித்து வைத்த செல்களில் அந்த அடையாளங்கள் பதியவே இல்லை.

சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தினர் 2005இல் வெளியிட்ட ஆய்வு, இரண்டாம் வகை நீரிழிவுள்ள இந்தியரின் ரத்தச் செல்களில், குரோமோசோம் முனைகளைக் காக்கும் டெலோமியர் என்னும் பகுதி நீரிழிவற்றவர்களைவிடக் குட்டையாகியிருப்பதைக் காட்டியது. ஆக்சிஜனேற்றச் சிதைவு அந்தப் பகுதியை எளிதில் தாக்கும் என்பதால், நீரிழிவுச் செல் ஆண்டுக்கணக்கைவிட விரைந்து முதுமை எய்துகிறது என்று கருத இது இடம் தருகிறது.

மாத்திரைகள் தோற்ற இடம்

இத்தனையும் உண்மையென்றால், ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் வைட்டமின்களை உட்கொண்டால் போதும் என்ற முடிவுக்கு வருவது இயல்பே. அந்த முடிவு பெருஞ்செலவில் சோதிக்கப்பட்டது, தோற்றும் போனது. 9,541 பேரைக் கொண்ட ஹோப் ஆய்வில் நாளுக்கு 400 அலகு வைட்டமின்-ஈ சராசரியாக நாலரை ஆண்டுகள் கொடுக்கப்பட்டும், 2000ஆம் ஆண்டு வெளியான முடிவின்படி இதயப் பாதிப்புகளில் பயன் தெரியவில்லை. நீரிழிவுள்ளோரிடமும் அதே நிலைதான். செலினியம் என்னும் தாது நாளுக்கு 200 மைக்ரோகிராம் பெற்றவர்களிடம் இரண்டாம் வகை நீரிழிவு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகத் தோன்றியதை 2007இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. செல்லின் தற்காப்பு நொதிகளை ஒட்டுமொத்தமாகத் தூண்டும் பார்டாக்சலோன் மீத்தைல் என்னும் மருந்தை, நீரிழிவால் சிறுநீரகம் வெகுவாகப் பழுதுற்ற 2,185 பேரிடம் சோதித்த ஆய்வு, இதயச் செயலிழப்பு மிகுந்ததால் 2012இல் பாதியில் நிறுத்தப்பட்டது.

இவற்றினும் பாடம் மிகுந்தது ஜெர்மனியின் மைக்கேல் ரிஸ்டோ குழுவினர் 2009இல் வெளியிட்ட சிறிய ஆய்வு. நான்கு வாரம் உடற்பயிற்சி செய்த இளைஞர்களுள் ஒரு பகுதியினருக்கு 1,000 மில்லிகிராம் வைட்டமின்-சியும் 400 அலகு வைட்டமின்-ஈயும் நாள்தோறும் தரப்பட்டன. மாத்திரை பெறாதவர்களுக்கு இன்சுலினுக்கு இணங்கும் திறன் உயர்ந்தது, பெற்றவர்களுக்கு உயரவில்லை. பயிற்சியின்போது தசையில் எழும் சிறு அளவு கட்டற்ற ஆக்சிஜனே, தற்காப்பு நொதிகளைப் பெருக்கவும் இன்சுலினுக்குச் செவிசாய்க்கவும் தசைக்கு ஆணையிடும் செய்தி. மாத்திரை அந்தச் செய்தியை அழித்துவிட்டது. இன்சுலினும் தன் வேலையின்போது ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிறு துளியாக எழுப்பி, தன் செய்தியைத் தடுக்கும் நொதி ஒன்றைச் சற்று நேரம் செயலிழக்கச் செய்துகொள்கிறது. ஆகவே கட்டற்ற ஆக்சிஜனை நஞ்சு என்றோ மருந்து என்றோ ஒரே சொல்லில் அடக்க இயலாது. எவ்வளவு, எங்கே, எவ்வளவு நேரம் என்பவற்றில் அதன் குணம் தங்கியிருக்கிறது. விழுங்கிய வைட்டமின், மைட்டோகாண்ட்ரியாவில் இடைவிடாது பெருகும் ஒன்றைத் துரத்திப் பிடிக்கப் போதுமானதாகவும் இல்லை. தேவையான துளியை விட்டுவைக்கும் விவேகமும் அதற்கு இல்லை.

விறகைக் குறைத்தல்

புகையைத் துடைப்பதைவிட விறகைக் குறைப்பதே வழி என்பதை நீரிழிவின் வெற்றி பெற்ற ஆய்வுகள் ஒன்றுபோலச் சொல்கின்றன. 2018இல் முழுமையாக வெளிவந்த பிரிட்டனின் டைரக்ட் ஆய்வில், நோய் கண்டு ஆறு ஆண்டுகளுக்கு உட்பட்டவர்களுக்கு மூன்று முதல் ஐந்து மாதங்கள் நாளுக்கு 825 முதல் 853 கலோரி மட்டும் அளித்து, பின்னர் படிப்படியாக இயல்பு உணவுக்குத் திருப்பியபோது, ஓராண்டின் முடிவில் 46 விழுக்காட்டினர் மருந்தின்றி நீரிழிவு எல்லைக்குக் கீழே வந்திருந்தார்கள்; வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களுள் அவ்வாறு வந்தவர்கள் 4 விழுக்காடு. கல்லீரலிலும் கணையத்திலும் தேங்கிய கொழுப்பு கரைந்ததும், தொழிலை மறந்திருந்த பீட்டா செல்கள் மீண்டும் அதை நினைவுகூர்ந்திருக்கலாம் என்று கருத இது இடம் தருகிறது. இத்தகைய கடும் உணவுக்குறைப்பு, மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருப்பதால், மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே செய்யத்தக்கது.

அவ்வளவு கடுமையின்றியும் பலன் உண்டு என்பதற்குச் சென்னையிலேயே சான்று கிடைத்தது. மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில், நீரிழிவின் முந்தைய நிலையில் இருந்த 531 பேரிடம் நடந்து 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தில், மூன்று ஆண்டுகளுள் நோய் முற்றியவர்கள் ஒப்பீட்டுக் குழுவில் 55 விழுக்காடாகவும், நடையும் உணவுமாற்றமும் மேற்கொண்ட குழுவில் 39.3 விழுக்காடாகவும் இருந்தார்கள். மெட்ஃபார்மின் மருந்து தந்த பலனும் ஏறத்தாழ அதே அளவே.

சராசரியைக் குறைப்பதோடு ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்துவதும் பொருட்டாகலாம். பிரான்சின் லூயி மோனியே குழுவினர் 2006இல் இரண்டாம் வகை நீரிழிவுள்ள 21 பேரிடம் செய்த ஆய்வில், ஆக்சிஜனேற்றச் சிதைவின் அடையாளம் சிறுநீரில் எவ்வளவு வெளியேறுகிறது என்பது, சராசரிச் சர்க்கரையைவிட அதன் ஏற்ற இறக்கத்தோடு நெருங்கிப் பொருந்தியது. சிறிய ஆய்வு என்பதால் இதை முடிந்த முடிவாகக் கொள்ள இயலாது; ஆயினும் தட்டு நிறைய வெள்ளைச் சோற்றை ஒரே வேளையில் உண்பதைவிட, அதைக் குறைத்துப் பருப்பும் சுண்டலும் காய்களும் கூட்டி உண்பதும், உண்டபின் சற்று நடப்பதும் உணவுக்குப் பிந்தைய உயர்வைத் தணிக்கும் என்பது தனியே நிறுவப்பட்ட செய்தி.

நடைக்கு வேறொரு சிறப்பும் இருக்கிறது. தசை சுருங்கும்போது, ஜி.எல்.யு.டி.-4 கடத்திகள் இன்சுலினின் ஆணைக்குக் காத்திராமல் வேறொரு தூதுவழியில் மேற்பரப்புக்கு வருகின்றன. இரண்டாம் வகை நீரிழிவுள்ளவரின் தசையிலும் இந்த வழி பெரும்பாலும் பழுதுபடாமல் இருக்கிறது. உலை நிறைந்துவிட்டதென இன்சுலினுக்குக் கதவைச் சாத்திய அதே தசை, உண்மையிலேயே எரிபொருள் தேவைப்படும் நேரத்தில் தானே அதைத் திறந்து, விழித்திரையின் வாசலிலும் சிறுநீரகத்தின் வாசலிலும் குவிந்திருக்க வேண்டிய சர்க்கரையில் ஒரு பங்கை உள்ளே வாங்கி எரித்துவிடுகிறது. மூடத் தெரியாத கதவுகளுக்குக் கிடைக்கக்கூடிய காவல், திறக்கத் தெரிந்த இந்தக் கதவிலிருந்துதான் தொடங்குகிறது.